முதல் மணைப்பலகை: கைக்கருவிகளை வைத்து வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

மரவேலை பழக நினைப்பவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே புத்தக அலமாரிக்கோ டீப்பாய்க்கோ போய்விடுகிறார்கள். இரண்டிலும் மூட்டுகள் அதிகம். ஒரு மூலை கோணலானால் மற்ற மூலைகளும் அதன் பின்னால் போகும். தரையில் உட்கார்ந்து சாப்பிடப் போடுகிற மணைப்பலகையில் இந்தச் சிக்கல் இல்லை. மேலே ஒரு பலகை, அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். ஆனாலும் மரம் தேர்வது, இழைப்பது, ஒட்டுவது, அறுப்பது, துளை போடுவது, எண்ணெய் ஏற்றுவது என்று அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் இதற்குள் வந்துவிடும்.

புதியவர்கள் செய்யும் மணை முடித்த அன்று அழகாகத்தான் இருக்கும். மழைக்காலம் போய் ஒரு கோடை வந்த பிறகுதான் நடுவில் வெடிக்கும், அல்லது ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடும். ஈர மரத்தை வாங்கி உடனே அறுத்ததும், குறுக்குக் கட்டையை இறுக்கி ஒட்டியதும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

நாம் செய்யப்போகும் மணையின் அளவு: 18 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம், பலகையின் கனம் 1 இன்ச், கட்டையோடு சேர்த்து உயரம் இரண்டரை இன்ச். சின்ன அளவுகளை நூல் கணக்கில் சொல்கிறேன். 8 நூல் ஒரு இன்ச்.

1. கையில் இருக்க வேண்டிய கருவிகள்

வேலைக்குத் தேவையானவை இவை: 18 முதல் 22 இன்ச் கை ரம்பம், சின்ன இரும்பு இழைப்புளி, முக்கால் இன்ச் உளி, மூலைமட்டம், டேப், பென்சில், கூர்மையான கத்தி, டிரில்லிங் மெஷின், திருப்புளி, இரண்டு ஜி-கிளாம்ப் (பலகையைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி), தீட்டுக்கல். அதோடு 80, 120, 220 எண் உப்புத்தாள்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். தேக்குத்தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், அதனால் மாஸ்க்கைத் தவிர்க்க வேண்டாம்.

மின் ரம்பத்தை முதல் வேலைக்கு வாங்காதீர்கள். கை ரம்பம் கோடு விட்டு விலகினால் ஓரிரு இழுப்பிலேயே தெரியும், திருத்திக்கொள்ளலாம். மின் ரம்பத்தில் தெரிவதற்குள் பலகை இரண்டாகியிருக்கும். விரலுக்கும் அதே ஆபத்துதான். அந்தப் பணத்தில் நல்ல மூலைமட்டமும் நல்ல கல்லும் வாங்குங்கள்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். நேரான ஓரமுள்ள ஒரு பலகையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்புறம் அதைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால் வேறொன்று கேளுங்கள். மட்டம் தப்பாக இருந்தால் கை எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை.

வேலை செய்ய மொட்டை மாடியோ பால்கனியோ போதும். பலகை நகராமல் இருக்க ஒரு தடுப்பு மட்டும் அவசியம். கனமான பழைய மேசையின் ஓரத்தில், பலகையைவிடத் தாழ்வாக ஒரு சட்டத்தைத் திருகிவிட்டால் இழைக்கும்போது பலகை அதில் முட்டி நிற்கும்.

2. மரவாடியில் மரம் பார்ப்பது

இந்த வேலைக்குப் பலா, தேக்கு, பூவரசு மூன்றில் எது கிடைத்தாலும் நல்லது. என் தேர்வு பலா. உளிக்கும் இழைப்புளிக்கும் நன்றாக இடம்கொடுக்கும், நாளாக ஆக மஞ்சள் நிறம் ஆழ்ந்து பழுப்பாகும், மரத்தின் உள்ளிருக்கும் வைரப்பகுதியில் பூச்சியும் எளிதில் ஏறாது. வேம்பு வலுவானதுதான், ஆனால் அதன் ரேகை (மரநார் ஓடும் கோடு) முன்னும் பின்னுமாகப் பின்னிக்கிடக்கும். எந்தப் பக்கம் இழைத்தாலும் எங்காவது பெயரும். முதல் வேலைக்கு அது வேண்டாம். மாமரம் மலிவு, ஆனால் பூச்சி பிடிக்கும்.

முழு மரம் வாங்கத் தேவையில்லை. மரவாடிகளிலும் அறுவை மில்களிலும் துண்டு மரக் குவியல் இருக்கும், அதிலேயே தேடுங்கள். வேண்டியது 20 இன்ச் நீளம், ஆறரை இன்ச் அகலம், ஒன்றேகால் இன்ச் கனத்தில் இரண்டு பலகைகள். 12 இன்ச் நீளத்தில், இரண்டுக்கு இரண்டு இன்ச் கட்டைகள் இரண்டு. எல்லாம் சேர்த்துக் கால் கன அடிக்குள் அடங்கிவிடும். கணக்கு எளிது: நீளம், அகலம், கனம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி. கடையில் விலை சொல்லும்போது நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இறுதி அளவைவிடக் கூடுதலாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இழைப்பதில் கனம் குறையும், நுனிகளில் மெல்லிய வெடிப்புகள் இருக்கும், அவற்றை வெட்டித் தள்ள வேண்டும். சரியாக 18 இன்ச்சில் வாங்கினால் அந்த வெடிப்பு மணையோடு வீட்டுக்கு வந்துவிடும்.

பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவு இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை கீழும் எதிர்மூலை மேலுமாக முறுக்கிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முறுக்கை இழைத்து எடுப்பதற்குள் பாதிக் கனம் போய்விடும். நுனியைப் பார்த்தால் வளையங்கள் தெரியும். வளையங்களின் நடுமையமே பலகைக்குள் இருந்தால் அது வெடித்தே தீரும், அதுவும் வேண்டாம். ஓரத்தில் வெளிர் நிறத்தில் இருக்கும் வெள்ளை மரத்தில்தான் பூச்சி முதலில் ஏறும். அது ஒரு நூல், இரண்டு நூல் இருந்தால் வெட்டிவிடலாம், அகலத்தில் பாதி அதுவாக இருந்தால் வாங்காதீர்கள்.

3. வீட்டில் கிடக்க விடுவது

புதியவர்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இது. வாங்கிவந்த அன்றே அறுக்கக் கை துறுதுறுக்கும். விடுங்கள்.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஈரம் போகும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வழிகாட்டியின் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும். 12 இன்ச் அகலப் பலகை ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுக்குக்கூட விரிந்து சுருங்கலாம். மரவாடியின் திறந்த வெளியில் கிடந்த மரம் வீட்டுக்குள் வந்ததும் இன்னும் ஈரத்தை விடும். அந்தச் சுருக்கம் வேலைக்கு முன்னால் நடந்து முடியட்டும்.

நிழலான, காற்றோட்டமுள்ள அறையில், தரையில் மூன்று குச்சிகள் வைத்து அவற்றின் மேல் பலகையை வையுங்கள். அதன் மேல் மறுபடி மூன்று குச்சிகள், அப்புறம் அடுத்த பலகை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காற்றுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் குச்சி. வெறும் தரையில் போட்டால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து பலகை குழியும். வெயிலில் வைக்கவே கூடாது, நுனி சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ளச் சமையலறைத் தராசு இருக்கிறது. ஒவ்வொரு பலகையையும் எடைபோட்டு, அதன் மேலேயே தேதியோடு பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி போடுங்கள். முதல் வாரம் எடை நன்றாக இறங்கும், அப்புறம் மெதுவாகும். தொடர்ந்து இரண்டு வாரம் எடை அசையாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது. பழைய கதவு, நிலையிலிருந்து எடுத்த மரமாக இருந்தால் இந்தக் காத்திருப்பு குறையும், ஆனால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேட வேண்டும்.

4. இழைப்புளியைத் தீட்டுவது

காத்திருக்கும் வாரங்களில் இதைச் செய்யுங்கள். கடையிலிருந்து வரும் இழைப்புளியின் தகடு வேலைக்குத் தயாராக இருக்காது. அப்படியே ஓட்டினால் மரத்தைச் சீவாமல் பிய்க்கும். உடனே "எனக்குக் கை வரவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கை காரணமில்லை, தகடுதான் காரணம்.

முதலில் தகட்டின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்துத் தேயுங்கள். முனையிலிருந்து அரை இன்ச் தூரம் வரை ஒரே சீரான பளபளப்பு வந்தால் போதும். பிறகு சரிவுப் பக்கம். 25 முதல் 30 டிகிரிக்குள் கோணத்தை மாற்றாமல் கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் தேய்த்தால், எதிர்ப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மெல்லிய பிசிறு எழும். முனை முழுக்க அந்தப் பிசிறு வந்தால்தான் கூர் முனைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்புறம் நைஸ் பக்கத்தில் தேய்த்து, தட்டைப் பக்கத்தை ஓரிரு முறை கல்லில் இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் தயார். உளியையும் இதே முறையில் தீட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டை மாட்டிய பிறகு இழைப்புளியின் அடிப்பாகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், தகடு ஒரு முடி அளவுக்கு, இரண்டு மூலையிலும் சமமாக வெளியே தெரிய வேண்டும். அடிப்பாகத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு இழுத்துவிடுங்கள். தள்ளுவதற்கு எவ்வளவு இலகுவாகிறது என்று முதல் இழைப்பிலேயே கைக்குத் தெரியும்.

5. முதலில் ஒரு முகம், அப்புறம் ஒரு ஓரம்

அளவெடுத்து அறுப்பதற்கு முன்னால் இழைக்க வேண்டும். கோணலான பலகையில் மூலைமட்டம் வைத்தால் கோடும் கோணலாகத்தான் விழும். அதனால் நம்பிக்கையான ஒரு முகத்தை முதலில் உண்டாக்கி, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்கிறோம்.

பலகையின் குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும். ஆடாமல் இருக்க அடியில் அட்டைத் துண்டு செருகுங்கள். மேட்டில் இருக்கும் இரண்டு ஓரங்களையும் முதலில் குறுக்குச் சாய்வாக இழைத்துத் தாழ்த்துங்கள். இரண்டு நுனிகளிலும் நேரான இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்புக்கு மேலாக மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. கடைசியில் நீளவாக்கில் முழுநீளச் சீவல் விழும்வரை இழையுங்கள்.

சீவும்போது மரம் பொரிப்பொரியாகப் பெயர்ந்தால் நிறுத்துங்கள். நீங்கள் எதிர் ரேகையில் போகிறீர்கள். பலகையின் பக்கவாட்டைப் பார்த்தால் ரேகைகள் மேல்நோக்கி ஏறும் திசை தெரியும், அந்தத் திசையில் தள்ள வேண்டும். பலகையை முன்பின்னாகத் திருப்பினாலே தீரும். சரியான திசை கிடைத்ததும் முகத்தில் பென்சிலால் ஒரு அம்பு போட்டுவையுங்கள், ஒட்டும்போது இது தேவைப்படும்.

முகம் சரியானதும் ஒரு ஓரத்தை மூலைமட்டம் வைத்து நேராக்குங்கள். பிறகு அந்த முகத்திலிருந்து 1 இன்ச் தூரத்தில் நான்கு பக்கமும் கோடு போட்டு, மறுமுகத்தைக் கோடுவரை இழைத்தால் கனம் சீராகிவிடும்.

6. இரண்டு பலகையை ஒன்றாக்குவது

12 இன்ச் அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைத்தாலும் நான் இரண்டை ஒட்டவே சொல்வேன். அகலமான ஒற்றைப் பலகை குழிவது அதிகம், விலையும் அதிகம்.

அம்புகள் இரண்டும் ஒரே திசையில் இருக்கும்படி பலகைகளை அடுத்தடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு ஒன்றைச் சீவும்போது மற்றது பெயரும். ஒட்ட வேண்டிய இரண்டு ஓரங்களும் மேலே வரும்படி, புத்தகத்தை மூடுவது போலப் பலகைகளை முகத்தோடு முகம் மடித்து, ஜி-கிளாம்ப்பில் பிடித்து, இரண்டு ஓரத்தையும் ஒரே தடவையில் சேர்த்து இழையுங்கள். கை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. ஒன்றில் வெளிப்பக்கம் சாய்ந்தது மற்றதில் உள்பக்கம் சாய்ந்திருக்கும், விரித்து வைத்தால் இரண்டும் சேர்ந்து மட்டமாகிவிடும்.

பசை இல்லாமல் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைப்புதான். கிளாம்ப் போட்டு இறுக்கினால் சேர்ந்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அப்படி வலுவில் சேர்த்த மூட்டு நுனியிலிருந்து பிரியத் தொடங்கும்.

மணையை ஈரத்துணியால் துடைப்போம், தண்ணீர் சிந்தும். அதனால் சாதாரண ஃபெவிகாலுக்குப் பதில் ஃபெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசை வாங்குங்கள். இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகப் பூசிச் சேர்த்து இறுக்க வேண்டும்.

இந்த அகலத்துக்குச் சின்ன ஜி-கிளாம்ப் எட்டாது. அதற்குப் பழைய முறை இருக்கிறது. பெரிய பிளைவுட் துண்டில் ஒரு சட்டத்தைத் திருகுங்கள். இரண்டு பலகைகளும் சேர்ந்த அகலத்தைவிட ஒன்றரை இன்ச் கூடுதலான தூரத்தில் இன்னொரு சட்டம். நடுவில் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பலகைகளை வைத்து, மிஞ்சிய இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகித் தட்டினால் நன்றாக இறுகும். பலகைகள் நடுவில் எம்பாமல் இருக்க, மேலேயும் பிளாஸ்டிக் போட்டு அம்மிக்குழவி மாதிரி ஒரு பாரத்தை வையுங்கள். மூட்டு நெடுக முத்துமுத்தாகப் பசை வெளியே வந்தால் அளவு சரி.

அந்தப் பசையை உடனே ஈரத்துணியால் துடைப்பதுதான் வழக்கமான தவறு. கரைந்த பசை மரத்தின் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், பின்னால் எண்ணெய் ஏற்றும்போது அந்த இடம் மட்டும் வெளிறித் திட்டாகத் தெரியும். அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் பசை ரப்பர் பதத்துக்கு வரும், அப்போது உளியால் சுரண்டுங்கள். இறுக்கத்தை ஓர் இரவு முழுக்க எடுக்காதீர்கள்.

7. அளவுக்கு அறுப்பது

ஒட்டிய பலகையை மறுநாள் மெல்லிய சீவலாக ஒருமுறை இழைத்துவிட்டு, இப்போதுதான் 18-க்கு 12 அளவு குறிக்கிறோம். நேரான ஓரத்திலிருந்து மூலைமட்டம் வைத்து, பென்சில் கோட்டுக்கு மேல் கத்தியால் கீறுங்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்து கோடு தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். கத்திக் கீறல் மரநாரை முன்கூட்டியே வெட்டிவிடுவதால் ரம்பம் விளிம்பைப் பிய்க்காது.

வெட்டி எறியப்போகும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, கோட்டைத் தொடாமல் அந்தப் பக்கத்திலேயே அறுங்கள். கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டினால் ரம்பத்தின் கனம் உங்கள் அளவிலிருந்து போய்விடும். தொடங்கும்போது ரம்பத்தைப் பின்னோக்கி இரண்டு முறை இழுத்துத் தடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தவே வேண்டாம், ரம்பத்தின் எடை போதும். கடைசி ஒரு இன்ச்சில், தொங்கும் துண்டை இடதுகையால் தாங்கிக்கொள்ளாவிட்டால் அது சிராயோடு முறிந்து விழும்.

அறுத்த நுனியை இழைக்கும்போது இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி மட்டும் போங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகத் தள்ளினால் அந்தக் கடைசி மூலை பிளந்துகொண்டு போகும்.

8. குறுக்குக் கட்டைகள்

மணை வெடிப்பதும் வெடிக்காததும் இங்கேதான் முடிவாகிறது. பலகையின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, கட்டை அதற்குக் குறுக்கே போகிறது. பலகை அகலத்தில் சுருங்கும், கட்டை தன் நீளத்தில் சுருங்காது. கட்டையை முழுநீளமும் பசை போட்டு ஒட்டினால் பலகைக்குச் சுருங்க வழியில்லை, அது நடுவில் வெடித்துத்தான் வழி தேடும். ஆணி அடித்து இறுக்கினாலும் கதை இதேதான்.

எனவே கட்டை நடுவில் மட்டும் பிடித்திருக்கட்டும், இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கட்டும்.

கட்டைகளை 11 இன்ச் நீளத்துக்கு அறுத்து, அகலமும் உயரமும் ஒன்றரை இன்ச் வரும்படி இழைத்துக்கொள்ளுங்கள். பலகையில் படும் பக்கம் துல்லியமாகத் தட்டையாக இருப்பது முக்கியம். ஒவ்வொரு கட்டையிலும் மூன்று துளைகள்: நடுவில் ஒன்று, நடுவிலிருந்து இருபுறமும் 4 இன்ச் தூரத்தில் ஒவ்வொன்று.

தரையைப் பார்க்கும் பக்கத்திலிருந்து முதலில் 16 மி.மீ. பிட்டால் முக்கால் இன்ச் ஆழம். பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் நடுவில் நாலரை மி.மீ. பிட்டால் மறுபக்கம் வரை. ஓரத்து இரண்டு துளைகளில் மட்டும், இந்தச் சின்னத் துளைக்கு இருபக்கமும் ஒட்டினாற்போல் இன்னும் ஒவ்வொரு துளை போட்டு, பிட்டை அசைத்து ஒரே நீள்துளையாக்குங்கள். இந்த நீட்சி கட்டையின் நீளவாக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் பலகை நகரப்போவது அந்தத் திசையில்தான். இதைக் குறுக்கே போட்டுவிட்டு ஏன் வெடித்தது என்று கேட்பவர்கள் உண்டு.

பலகையின் நுனியிலிருந்து 3 இன்ச் உள்ளே கட்டையை வைத்து, துளைகளின் வழியே அடையாளம் போட்டு, பலகையில் 3 மி.மீ. பிட்டால் அரை இன்ச்சுக்கு மேல் போகாமல் துளை போடுங்கள். நீள்துளைகளில் அடையாளம் சரியாக நடுவில் விழட்டும். 8-ஆம் எண் ஸ்க்ரூ, ஒன்றேகால் இன்ச் நீளம். கட்டையில் மிச்சமுள்ள முக்கால் இன்ச்சைத் தாண்டி அரை இன்ச் பலகைக்குள் போகும், மேலே வெளிவராது. ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு வாஷர் கட்டாயம். நடு ஸ்க்ரூவை முழுக்க இறுக்குங்கள். ஓரத்தில் உள்ளவை இறுகிய பிறகு கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கள். பசை போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் நடு ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும்.

மணையைச் சமையல் மேடைக் கிரானைட்டின் மேல் வைத்து நான்கு மூலையையும் மாற்றிமாற்றி அழுத்துங்கள். ஆடினால், தரையைத் தொடாத மூலையின் அடியில் காகிதம் செருகி இடைவெளியைக் கண்டுபிடித்து, மற்ற மூலைவிட்டத்தில் நிற்கும் கட்டை முனைகளை ஒவ்வொரு சீவலாக எடுங்கள்.

9. விளிம்பும் உப்புத்தாளும்

மேல்விளிம்பு நான்கையும் இழைப்புளியால் சாய்வாக ஒரு நூல் அளவுக்கு எடுத்துவிட்டு, உப்புத்தாளால் உருட்டுங்கள். உட்காருபவரின் தொடையில் படுவது இந்த விளிம்புதான். கூர்விளிம்பில் பூச்சும் நிற்காது.

உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில், ஒவ்வொன்றும் மரக்கட்டையில் சுற்றி, ரேகையோடு மட்டும். விரலால் பிடித்துத் தேய்த்தால் அலைஅலையாகிவிடும். 120 முடிந்ததும் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துக் காயவிடுங்கள். மரநார் எழுந்து சொரசொரப்பாகும், அதை 220 எடுத்துவிடும். பின்னால் தண்ணீர் பட்டாலும் இவ்வளவு எழாது.

10. எண்ணெய் ஏற்றுவது

பெயின்ட் கடையில் கிடைக்கும் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், அது காய்ந்து இறுகும் வகையல்ல. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், வேட்டியிலும் புடவையிலும் ஒட்டும்.

கட்டைகளைக் கழற்றிவிட்டு (பசை போட்டிருந்தால் கழற்றாமலே), பலகையின் மேல், கீழ், ஓரங்கள், நுனிகள் என எல்லாப் பக்கமும் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கிப் பலகை குழிந்துவிடும். மெல்லிசாகப் பூசி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு நாளாவது இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை. நுனிகள் அதிகம் குடிக்கும், கேட்கும்வரை கொடுங்கள்.

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கம்பியில் தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள். வீட்டுக்குள் செய்யும் மரவேலையில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்.

வாசனை அடங்கி, தொட்டால் கையில் ஒட்டாமல் ஆக ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம். அதற்குப் பிறகு கட்டைகளை மாட்டி மணையைப் போடலாம். முதல் மழைக்காலம் முடிந்ததும் திருப்பிப் பார்த்து, நடு ஸ்க்ரூக்களை மட்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சாப்பிட்டதும் துடைத்துவிட்டு மணையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், வெயில் படாத சுவராகப் பார்த்து.